மறியலுக்குப் போன குத்துக்கற்கள்

புரட்டாசி வெயிலில் நாள் முழுக்கக் காய்ந்த குத்துக்கல்லில் சாயங்காலம் முதுகைச் சாய்த்தால், சட்டையைத் தாண்டிச் சூடு இறங்கி இடுப்பு வரைக்கும் இதமாகப் பரவும். மாடு ஓட்டிக்கொண்டு போகிற பிள்ளைகள் நாங்கள் ஆளுக்கொரு கல்லைப் பிடித்துக்கொண்டு முதுகைத் தேய்த்தபடி நிற்போம். எங்களுக்கு முன்னால் மாடுகளும் அதே கல்லில் அதே வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கும் என்பதால், சட்டையெல்லாம் மாட்டு வாசனையாகி வீட்டில் அடி விழும். சின்னசேலத்திலிருந்து கல்வராயன் மலையடிவாரத்துக்குப் போகிற சாலையில் எங்கள் ஊரில் இறங்கி, மேற்கே கொஞ்சம் ஏறினால் அந்தக் கரடு, அதாவது மொட்டை மேடு, வந்துவிடும். மரம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் காய்ந்த புல், சரளைக்கல், மலைப்பக்கத்திலிருந்து வருகிற காற்று, நடுவில் ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலுமாகத் தனித்தனியாக நின்றுகொண்டிருக்கிற கற்கள், அவ்வளவுதான்.

இரும்பைப் புதிதாகக் கண்டுகொண்ட காலத்து மனிதர்கள், செத்துப்போனவர்களின் நினைவாக நட்டுவைத்த கற்கள் அவை என்று பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஊரில் சொல்லிக்கொண்ட கதையே வேறு. மலைக்குப் போய் மழையைக் கையோடு கூட்டிக்கொண்டு வரும்படி ஊரார் அனுப்பிய ஆட்கள்தான் அவர்களாம். போன காரியத்தை விட்டுவிட்டுப் பாதி வழியில் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்களாம். பேசிப் பேசியே கல்லாகிப் போனார்களாம். "அதுங்களுக்குச் சூடு சொரண கம்மி. நாலு வார்த்த வையணும், அப்பதான் நகரும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். வைவது என்றால் திட்டுவது. மழை தப்பிப்போகிற வருஷத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் உச்சி வெயிலில் ஆளுக்கொரு குடம் தண்ணீரோடு கரட்டுக்குப் போய், அவரவர் குடும்பத்துக்கென்று இருக்கிற கல்லின் தலையில் தண்ணீரை ஊற்றி, தொண்டை வற்றுகிற வரைக்கும் அந்தக் கல்லைத் திட்டிவிட்டு வருவார்கள். இதற்குக் "கல்லு வையறது" என்று பெயர். ஊர் ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஆரம்பித்த பிறகு நடுவில் நிறுத்தக் கூடாது. குடத்தை வயதுக்கு வராத பெண்பிள்ளைதான் சுமக்க வேண்டும் என்பதால், எங்கள் வீட்டுக் குடத்துக்கு நான்.

நான் பிறப்பதற்கு முன்பே கற்கள் குறைய ஆரம்பித்துவிட்டன. ஒன்று ஒரு வீட்டுத் துணி துவைக்கிற கல்லாகிவிட்டது. ஒன்று வாய்க்காலுக்குப் பாலமாகிவிட்டது. ஒன்று பள்ளிக்கூடத்துக்குப் படிக்கட்டாகி, அதில் உட்கார்ந்துதான் நாங்கள் மதியச் சோறு தின்றோம். "நட்ட கல்லு இன்னா, மொளச்சா வரப்போவுது? எடுத்துக்கினு போ" என்று முன்னாள் மணியக்காரர் எல்லோருக்கும் தாராளமாக அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தார். கல்லை இழந்த குடும்பத்துப் பெண்கள் மழை தப்பிய வருஷத்தில் பங்காளி வீட்டுக் கல்லை இரவல் கேட்டுத் திட்டினார்கள். ஒருத்தி மட்டும் மானஸ்தி. துணி துவைக்கிற கல்லிடமே போய்த் திட்டிவிட்டு வந்தாள். எங்கள் வீட்டுக் கல் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம், அதன் மேல்பாதி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததுதான். அதை எதற்கும் உபயோகப்படுத்த முடியாது.

அம்மா வீட்டில் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோழியைக்கூட மெதுவாகத்தான் விரட்டுவாள். ஆனால் கல்லுக்கு முன்னால் நின்றால் அவள் வேறு ஆள். ஒரு கெட்ட வார்த்தை வராது. சொன்ன வார்த்தை திரும்ப வராது. அந்தக் கல்லின் சோம்பேறித்தனம், நன்றிகெட்ட குணம், பந்தியில் முந்தி வேலையில் பிந்துகிற வழக்கம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, கேட்கிறவர்களுக்குக் கல்லின் மேல் இரக்கம் வருகிற அளவுக்குத் திட்டுவாள். மற்றப் பெண்கள் தங்கள் திட்டைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு அம்மா திட்டுவதைக் கேட்க வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஊரில் யாருக்காவது தொண்டை சரியில்லை என்றால், "எங்க கல்லையும் நீயே சேத்து வஞ்சிட்டு வந்துரு" என்று அம்மாவிடம் குடத்தைக் கொடுத்தனுப்புவதும் உண்டு.

அப்பா இதற்கு நேர்மாறு. வீட்டில், வெளியில், வரப்பில், டீக்கடையில், எங்கே இருந்தாலும் பேசிக்கொண்டே இருப்பார். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கத்தைப் பிடித்து ஆட்டிய வருஷங்களில் அவர் பேச்சுக்கு இறக்கை முளைத்துவிட்டது. படிப்பிலும் வேலையிலும் எங்கள் ஆட்களுக்குத் தனியாகப் பங்கு வேண்டும் என்பது போராட்டம். எங்கே கூட்டம் நடந்தாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார், வந்ததும் நான் படுத்திருந்தாலும் எழுப்பி, "எம் பொண்ணு இனிமே எரும மேய்க்காது. டீச்சராவும், டாக்டராவும், கலெக்டராவும்" என்பார். அவை மூன்றையும் நானே ஆக வேண்டும்போல எனக்குப் பயமாக இருக்கும். அந்த வருஷம் நான் ஐந்தாவது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் அதோடு முடிந்துவிடும். ஆறாவதுக்குச் சின்னசேலத்தில் சேர வேண்டும். அதற்கு அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். கம்பு போடலாம் என்று அப்பா சொன்ன மானாவாரிக் கொல்லையில் அவள் பிடிவாதமாக மல்லாட்டை போட்டிருந்தாள். மல்லாட்டை என்றால் நிலக்கடலை. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மல்லாட்டை என்று சொன்னால்தான் தின்றது போல இருக்கும். அது விளைந்தால் நான் சின்னசேலம், விளையாவிட்டால் எருமை. ஆக, எனக்காக அப்பா ரோட்டை மறிக்கப் போனார், எனக்காக அம்மா மல்லாட்டை போட்டாள். இரண்டுக்கும் நடுவில் குத்துக்கல் மாட்டிக்கொண்டது.

ஒரு வாரத்துக்குச் சாலை மறியல் என்று தகவல் வந்தது. பல ஊர்களில் சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்த ஊர்களும், குடிசைகள் எரிந்த ஊர்களும் உண்டு. அங்கெல்லாம் நடந்தவற்றில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் நடந்ததைத்தான் சொல்கிறேன். எங்கள் எல்லைக்குள் வருகிற சாலையில் வெட்டுவதற்கு ஒரு மரமும் இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் பெரிய பெரிய மரங்களைச் சாய்த்துவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு நிற்க, எங்கள் ஊர்க்காரர்கள் வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டார்கள். முதல் நாள் காலையில், மறியல் விவரம் தெரியாமல் வந்த ஒரே ஒரு பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி, முள்ளை ஒரு குச்சியால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "வேலி போட வேற எடமே இல்லியா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஊர் தலைகுனிந்து நின்றது. அப்போதுதான் அப்பா டீக்கடைப் பெஞ்சின் மேல் ஏறி நின்று, "மரம் இல்லன்னா இன்னா? கல்லு இருக்குதே!" என்றார்.

பெண்கள் எல்லோரும் களையெடுக்கப் போயிருந்த நேரம். மாடுகளையும் வடக்கயிற்றையும் கடப்பாரைகளையும் கொண்டுபோய், இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக நின்றவற்றை ஒரே மத்தியானத்தில் சாய்த்து, உருட்டுக் கட்டைகளின் மேல் வைத்து இழுத்து வந்து சாலையில் வரிசையாகப் போட்டுவிட்டார்கள். மிச்சமிருந்த எல்லாக் கற்களும் வந்துவிட்டன. காலனிக்காரர்களின் கல்லும் அதில் ஒன்று. அவர்களுக்கும் இந்தப் போராட்டத்துக்கும் சம்பந்தம் கிடையாது. அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. சாயங்காலம் களைக்கொட்டோடு திரும்பி வந்த அம்மா, ரோட்டில் படுத்திருந்த எங்கள் சாய்ந்த கல்லைப் பார்த்தாள், அதன் மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள், நேராக வீட்டுக்குப் போய்விட்டாள். அவளோடு எங்கள் கொல்லையில் களையெடுத்துவிட்டு வந்த அஞ்சலை என்கிற காலனிப் பெண்தான் சத்தமாகக் கேட்டாள்: "ஏங்க, எங்க கல்லு இன்னாங்க பாவம் பண்ணிச்சு? அது எந்தக் கட்சியிலயும் இல்லியே!" 

அன்றிலிருந்து அம்மா அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் பேச்சுவார்த்தை எல்லாம் என் மூலமாக நடந்தது. அப்பா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். "செல்வி, ஒங்கப்பாவுக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளு" என்பாள் அம்மா, கரண்டி அவர் தட்டுக்கு மேலேயே இருக்கும். "செல்வி, போதும்னு சொல்லு" என்பார் அப்பா. நான் இருவருக்கும் சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டு, என் சோற்றை ஆற விட்டுக்கொண்டிருந்தேன். நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் அவர்கள் எப்படிக் காரியம் நடத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது, ஒருநாள் வந்து பார்த்தபோது அப்பா கன்றுக்குட்டியைப் பார்த்து, "தீப்பெட்டி எங்க இருக்குதாம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இவ்வளவு பாடுபட்டுப் போட்ட மறியலில் மறிப்பதற்கு யாரும் வரவில்லை என்பதுதான் பெரிய துக்கம். எல்லாப் பக்கமும் மரம் விழுந்து கிடந்ததால் எங்கள் ஊர் வரைக்கும் எந்த வண்டியும் வந்து சேரவில்லை. சைக்கிளில் போகிற பால்காரர் மட்டும் தினமும் சைக்கிளைத் தூக்கிக் கற்களைத் தாண்டிவிட்டு, "நல்லா மறிச்சிருக்கீங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில், வழியில் கிடந்த மரங்களை அகற்றிக்கொண்டு வந்தது போலீஸ்தான். வேனையும், பின்னால் லாரியையும் தூரத்தில் பார்த்ததும் ஆண்கள் அத்தனை பேரும் கரும்புக்குள் புகுந்துவிட்டார்கள். பிடிப்பதற்கு ஆளில்லாததால் போலீஸ்காரர்கள் கற்களைப் பிடித்தார்கள். லாரியில் பலகையைச் சாய்த்து, கூட வந்த கூலியாட்கள் ஏற்ற ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு அந்த வேலை பழக்கமில்லை. எங்கள் கல் பலகையில் பாதி ஏறிப் பக்கவாட்டில் சரியப் பார்த்தபோது, கரும்புக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "யோவ், தலமாட்டுல நெம்பாத! கால்மாட்டுல நெம்பு! கயிறு அந்துரும்!"

போலீஸ்காரர்களுக்குத் தலைமையாக வந்திருந்த ஏட்டு, நைனார்பாளையத்துப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர், தொப்பையும் பொறுமையும் உள்ளவர். "யாருப்பா அது, வெளிய வா" என்றார். அப்பா உடம்பெல்லாம் கரும்புச் சோகையோடு வந்து நின்றார்.

"யாரு நீ?"

"வழியில போறவன் சார்."

"கரும்புக்குள்ள எதுப்பா வழி?"

"குறுக்கு வழி சார்."

ஏட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, வந்தது வந்த, நீயே நெம்பு" என்றார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரைந்து ஆணையிட்டு, எல்லாக் கற்களையும் ஒரு கீறல் விழாமல் லாரியில் ஏற்றிக் கொடுத்தார். எங்கள் கல் ஏறும்போது மட்டும், "பாத்து சார், இது எங்க வூட்டு..." என்று ஆரம்பித்துவிட்டு, "எங்க வூட்டாண்ட ஒரு கல்லு இருக்குது சார், அதே மாதிரியே இருக்குது" என்று முடித்தார். ஏட்டுக்கு விஷயம் புரிந்திருக்கும். அவர் தன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்.

அதன் பிறகு மழை பெய்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மல்லாட்டை பூத்து, பூவிலிருந்து விழுது மண்ணில் இறங்குகிற நேரம். அப்போது ஒரு மழை வேண்டும்; மண் இறுகிக் கிடந்தால் விழுது இறங்காது, இறங்காவிட்டால் காய் கிடையாது. அம்மா தினமும் விடிந்ததும் கொல்லைக்குப் போய்ச் செடிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருவாள். மலை மேல் மேகம் வரும், வெள்ளிமலைப் பக்கம் இருட்டிக் காட்டும், பிறகு கலைந்துவிடும். மற்ற வருஷமாக இருந்தால் குடத்தைத் தூக்கியிருப்பார்கள். இப்போது கரட்டில் குழிகள்தான் இருந்தன. "குழியப் பாத்து வஞ்சா எவன் கேப்பான்?" என்றாள் ஒருத்தி. கடைசியில் அம்மாதான் சொன்னாள்: "கல்லு எங்க இருக்குதோ அங்க போய் வைவோம்."

ஒரு காலை நேரத்தில் பெண்கள் வரிசையாகக் கிளம்பினார்கள். அஞ்சலையும் தன் குடத்தோடு வந்தாள். குடங்களைச் சுமந்துகொண்டு நாங்கள் பெண்பிள்ளைகள் முன்னால், அம்மாக்கள் பின்னால், எங்களுக்கும் பின்னால் நெடுந்தூரம் விட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அப்பா சைக்கிளைத் தள்ளியபடி. மறியல் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. காவல் நிலையத்துக்காரர்கள் இலை அசைந்தாலும் எழுந்து நிற்கிற நேரம். காலிக் குடத்தோடு பெண்கள் வந்தால் தண்ணீர் கேட்டு மறியல் என்பது எந்தப் போலீஸ்காரருக்கும் தெரியும். நிறைகுடத்தோடு வந்தால் என்னவென்று வாசலில் நின்ற காவலருக்குப் புரியவில்லை. உள்ளே ஓடிப்போய் ஏட்டை அழைத்து வந்தார்.

அம்மா விஷயத்தைச் சொன்னாள். ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இன்ஸ்பெக்டர் ஐயா பந்தோபஸ்துக்குக் கள்ளக்குறிச்சி போயிருக்காரு. அவரு வர்றதுக்குள்ள முடிச்சிருவீங்களா?" என்றவர், சற்று யோசித்து, குரலைத் தாழ்த்தி, "நம்ம கொல்லையிலயும் மல்லாட்டைதான்மா போட்டிருக்குது. அதுக்கும் சேத்து ரெண்டு வார்த்த சொல்லுங்க" என்றார்.

கற்கள் நிலையத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வரிசையாகப் படுத்திருந்தன. வழக்குக்குரிய பொருள் என்று ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டிருந்தார்கள். அம்மா தயங்கி நின்றாள். படுத்திருக்கிறவரைத் திட்டக் கூடாது. நோயாளி மாதிரி கிடப்பவரை வைதால் வைகிறவர்களுக்குத்தான் பாவம். நிறுத்த வேண்டும். ஏட்டு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் காவலர்களைக் கூப்பிட்டார். ஆள் போதவில்லை. சாராயக் கேஸில் மலையிலிருந்து பிடித்து வந்து உட்கார வைத்திருந்த இரண்டு பேர், "நாங்க வர்றோம் சார், ஓட மாட்டோம்" என்று தாங்களாகவே எழுந்து வந்தார்கள். சட்டமும் சாராயமும் சேர்ந்து எங்கள் சாய்ந்த கல்லை நிமிர்த்தி வேப்பமரத்தில் சாய்த்து வைத்தன. எல்லாக் கற்களையும் நிறுத்த நேரமில்லை என்பதால், அத்தனை குடத்துத் தண்ணீரையும் அதன் தலையிலேயே ஊற்றினோம். அத்தனை குடும்பத்துக்கும் சேர்த்து, அஞ்சலை வீட்டுக்கும் ஏட்டு வீட்டுக்கும் சேர்த்து, அம்மா ஆரம்பித்தாள்.

முதலில் வழக்கமான திட்டுதான். மழையைக் கூட்டி வரப் போனவன் வழியில் நின்றது, சொன்ன சொல்லைக் காப்பாற்றாதது. கொஞ்ச நேரத்தில் திட்டின் பாதை திரும்பியது. "ஊருக்கு முன்னால ஓடனியே, வூட்டுல இன்னா இருக்குதுன்னு பாத்தியா? பொண்ணு படிக்கணும் படிக்கணும்னு வாய் வலிக்கப் பேசனியே, அந்தப் படிப்பு கொல்லையில காய்ஞ்சிக்கினு கெடக்குது, நீ ரோட்டுல போய்ப் படுத்துக்கினியா? ஒன்ன நம்பி ஒருத்தி வந்தாளே, அவள ஒரு வார்த்த கேட்டியா? பெஞ்சு மேல ஏறத் தெரிஞ்சவனுக்கு எறங்கி வந்து கேக்கத் தெரியலியா?" கல் எப்போது பெஞ்சு மேல் ஏறியது என்று சாராயக் கேஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். நான் மட்டும் மதில் பக்கம் பார்த்தேன். அப்பாவின் தலை மதிலுக்கு மேல் தெரிந்தது. ஊர் ஆண்கள் வரக்கூடாத இடம் என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் போகவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பேச்சை நடுவில் குறுக்கிடாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது. தெற்கேயிருந்து மாற்றலாகி வந்திருந்த இன்ஸ்பெக்டர் இறங்கியதும் அவர் காதில் விழுந்த முதல் வாக்கியம், "தின்ன சோத்துக்கு வேல செய்யாம சும்மா நிக்கறியே, ஒனக்கு எதுக்குடா இந்த ஒசரம்?" என்பது. அவர் நல்ல உயரம். "யாரைத் திட்டுது இந்தம்மா?" என்றார், நிதானமாக.

"கல்ல சார்" என்றார் ஏட்டு, விறைப்பாக நின்று.

"எந்தக் கல்லை?"

"நம்ம கேஸ்ல இருக்கிற கல்லதான் சார். மழைக்காக."

இன்ஸ்பெக்டர் கல்லைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார், ஈரத்தைப் பார்த்தார், கல்லைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த சாராயக் கேஸ்காரர்களையும் பார்த்தார். "நிறுத்தச் சொல்லும்" என்றார். நடுவில் நிறுத்தினால் மழை மூன்று வருஷத்துக்கு வராது என்று அத்தனை பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். "தொண்ட வத்தற வரைக்கும் சார்" என்றார் ஏட்டு. இன்ஸ்பெக்டர் உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அம்மாவின் தொண்டை அன்று வற்றுவதற்கு வெகுநேரம் ஆனது. கடைசி வார்த்தை காற்றாகத்தான் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் திரும்பியபோது, அப்பா எப்போது கடைக்குப் போனாரோ, கையில் ஒரு சோடாவோடு எதிரில் நின்றார். அம்மா வாங்கிக் குடித்தாள். அவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு வாரத்துக்கு மேல் பேசாதிருந்தவள் பேச நினைத்தபோது குரல் இல்லை. "இன்னா சொல்றா செல்வி?" என்று அப்பா என்னிடம் கெஞ்சினார். எனக்கும் கேட்கவில்லை.

மழை வந்தது. வேப்பமர உச்சியில் முதல் காற்று அடித்து, நாங்கள் நிலையத்துத் தாழ்வாரத்தில் ஏறி நிற்பதற்குள் சாத்து சாத்தென்று சாத்தியது. பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் ஜன்னலைத் திறந்து மழையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். நனைந்தபடி ஊருக்கு நடந்தோம். பாதி தூரம் வந்ததும் ரோடு காய்ந்திருந்தது. எங்கள் ஊரில் புழுதி கிளம்பிக்கொண்டிருந்தது. காவல் நிலையம் இருந்த ஊருக்கு மட்டும் நல்ல மழை. எங்கள் கொல்லையில் ஒரு சொட்டு இல்லை. குரலற்ற அம்மா அப்பாவின் முகத்துக்கு நேராக இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். கல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மழை என்று அதற்கு அர்த்தம். எனக்கு அன்றைக்கு அழுகை வந்துவிட்டது. எருமை என் கண் முன்னால் தெரிந்தது.

அப்பா விடிந்ததும், ஆயில் இன்ஜின் வைத்திருந்த பக்கத்துக் கொல்லைக்காரரிடம் போய், அவர் கிணற்றைத் தன் கையாலேயே தூர் வாரித் தருவதாக ஒப்புக்கொண்டு ஒரு தடவை பாய்ச்சத் தண்ணீர் கேட்டார். கிடைத்த தண்ணீர் பாதிக் கொல்லைக்குத்தான் பாய்ந்தது. பாதி மல்லாட்டை காய்த்தது, பாதி பொக்கு. அந்தப் பாதியில் நான் சின்னசேலத்தில் ஆறாவது சேர்ந்தேன். அப்பா கூட்டங்களுக்குப் போகாமல் கிணற்றுக்குள் இறங்கியிருந்த அந்தக் காலத்தில், அம்மா மேட்டில் நின்று கூடையை இழுத்தாள். குரல் திரும்பிய பிறகு அவள் முதலில் சொன்னது, "செல்வி, ஒங்கப்பாவ" என்று ஆரம்பித்து, பிறகு என்னை விட்டுவிட்டு நேராக அவரைப் பார்த்து, "பாத்து ஏறுங்க" என்பதுதான்.

கற்கள் திரும்பி வரவில்லை. அந்த மழைக்குப் பிறகு காவல் நிலையத்து ஊர்க்காரர்கள் விடவில்லை. எங்கள் கல்லுக்கு மஞ்சள் பூசி, நம்பருக்கு மேலேயே குங்குமம் வைத்து, சேலைத் துணி சுற்றிவிட்டார்கள். வழக்குப் பொருளுக்கு விளக்கு ஏற்றக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிப் பார்த்தார். அவர் மாற்றலாகிப் போனதுதான் நடந்தது. பிறகு வழக்குகளை வாபஸ் வாங்கினார்கள். போய் எடுத்து வர வேண்டும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அவரவர் வேலையில் யாரும் போகவில்லை. கேட்ட இட ஒதுக்கீடும் ஒரு மாதிரி கிடைத்தது. அதில்தான் எனக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் வந்தது. "ஒரு கல்லக் குடுத்தேன், ஒரு டீச்சர வாங்கனேன்" என்று அப்பா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த டீச்சருல பாதி, நான் மல்லாட்ட உரிச்சதுல வந்தது" என்று அம்மாவும் விடமாட்டாள். இந்தச் சண்டை எங்கள் வீட்டில் தினமும் நடந்தது. அப்பா எவ்வளவோ பேசுகிறவர், இந்த விஷயத்தில் அம்மா ஆரம்பித்தால் மட்டும் நின்று கேட்டுவிட்டுத்தான் நகருவார்.

போன வருஷம் அப்பா போய்விட்டார். கரடு இப்போது மனைப்பிரிவாகிவிட்டது. சின்னச் சின்ன வெள்ளைக் கற்கள் நட்டிருக்கிறார்கள், முழங்கால் உயரம்கூட இல்லை. காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, அந்தக் கல்லைப் பார்க்க வேண்டும் என்று அம்மா கேட்டாள். அழைத்துப் போனேன். பழைய நிலையம் இல்லை, வேப்பமரம் இல்லை. மாடிக் கட்டடம் நின்றது. அஸ்திவாரத்துக்கு எல்லாவற்றையும் உடைத்துப் போட்டுவிட்டார்கள் என்று வாசல் கடைக்காரர் சொன்னார். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு சின்னப் பெண். நான் விஷயத்தைச் சொன்னதும் ரசித்துச் சிரித்துவிட்டு, நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்து, "அதான் கேஸ் முடிஞ்சி போச்சேம்மா" என்றாள்.

"ஆளுங்கள எல்லாம் வுட்டுட்டாங்க. கல்லுதான் வூடு வந்து சேரல" என்றாள் அம்மா.

"இப்ப அதை வெச்சு இன்னா பண்ணப் போறீங்க?"

"நாலு வார்த்த வையலாம்னு வந்தேன்."

"மழைக்கா?"

"மழ பேஞ்சா பேயுது, போனா போவுது. அவரு இருந்தவரைக்கும் நான் வஞ்சா நின்னு கேட்டுக்குவாரு. ரெண்டுத்துல ஒண்ணாவது நிக்கும்னு நெனச்சேன்."

அந்தப் பெண், "வேணும்னா என்னைய வைங்கம்மா, நான் நிக்கறேன்" என்று தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து நின்றாள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வாயைத் திறந்து, ஆரம்பிப்பதற்கு ஒரு குறையைத் தேடினாள். வெகுநேரம் தேடிவிட்டு, "நீ இன்னாடி கண்ணு பண்ண?" என்று அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.